ஏற்றத்தில் எரிந்த சிவப்பு விளக்கு

போன வாரம் வாத்தியாரை நாம் ஒரு பூட்டோடு விட்டுவிட்டு வந்தோம். டீசல் டேங்க் மூடிக்குப் போட்ட பூட்டு. மனைவியின் தம்பி வீட்டு வாசலில், அக்கம்பக்கத்தார் நின்று வேடிக்கை பார்க்க, அந்தத் தம்பியின் முகத்துக்கு நேராகவே அதை மாட்டிச் சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். திருடன் என்று அவர் வாயைத் திறந்து சொல்லவில்லை. சொல்ல வேண்டிய அவசியமும் இருக்கவில்லை. தம்பி உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டான்.

இந்த வாரம்தான் இந்தக் குடும்பத்தை எட்டிப் பார்க்கிறவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். வாத்தியார் பள்ளிக்கூடத்து வாத்தியார் இல்லை. கார் ஓட்டக் கற்றுக்கொடுத்தவர். இந்த ஊரில் ஸ்டியரிங் பிடிக்கிறவர்களில் பாதிப் பேர் அவரிடம் திட்டு வாங்கித்தான் பிடிக்கிறார்கள். டிரைவிங் ஸ்கூல் முதலாளியோடு ஒருநாள் முட்டிக்கொண்டு, உன் வேலையும் வேண்டாம் நீயும் வேண்டாம் என்று வெளியே வந்தார். கையிருப்பை வழித்துப் போட்டு ஒரு பழைய எஸ்யூவி வாங்கினார். ஆட்டோமேட்டிக். அதில் பள்ளிப் பிள்ளைகளை ஏற்றி இறக்குவதுதான் இப்போது பிழைப்பு. வாத்தியாரம்மாவும் கூடவே போகிறாள். கதவைத் திறந்துவிடுவது, பையை வாங்கி வைப்பது, மூக்கைத் துடைத்துவிடுவது, சண்டையை விலக்குவது எல்லாம் அவள் வேலை.

அந்த வண்டி டீசலை ஓசியில் கிடைத்த மாதிரி குடிக்கிறது. இதுதான் கதை. வீட்டுத் தெரு குறுகல் என்பதால் ராத்திரி வண்டியை நிறுத்திவந்தது தம்பியின் வீட்டு வளாகத்தில். தம்பி ஏசி ரிப்பேர் செய்கிறவன், கையில் எப்போதும் குழாயும் ஸ்பேனரும். வாத்தியாருக்கு அதற்கு மேல் சாட்சி எதுவும் தேவைப்படவில்லை.

பூட்டுப் போட்ட நாளிலிருந்து வண்டி வாத்தியாரின் வீட்டு வாசலிலேயே, பாதி தெருவை அடைத்துக்கொண்டு நிற்கிறது. பால்காரர் சைக்கிளைத் தூக்கிக்கொண்டு தாண்டிப் போகிறார். எதிர்வீட்டுக்காரர் பேச்சை நிறுத்திவிட்டார். அப்படியும் இன்று காலை வாத்தியார் சாவியைத் திருப்பியபோது டீசல் முள் மேலே வர மனமில்லாமல் கீழேயே படுத்துக் கிடந்தது.

அவர் டாஷ்போர்டைத் தட்டிப் பார்த்தார். முள் அசையவில்லை. இறங்கிப் போய்ப் பூட்டை இழுத்துப் பார்த்தார். பூட்டு திடமாகத்தான் இருந்தது.

வாத்தியாரம்மா தண்ணீர் பாட்டில்களை எடுத்துக்கொண்டு வெளியே வந்தாள். கணவனின் முதுகைப் பார்த்ததுமே அவளுக்கு விஷயம் விளங்கிவிட்டது. இப்போதாவது தம்பிமேல் சந்தேகம் போயிற்றா என்று கேட்டாள். கோபமாகக்கூடக் கேட்கவில்லை.

"டூப்ளிகேட் சாவி போட்டிருப்பான்" என்றார் வாத்தியார்.

அவள் அவரையே பார்த்துக்கொண்டு நின்றாள். இத்தனை வருஷம் குடும்பம் நடத்திய மனுஷனின் வாயிலிருந்துதான் இது வந்ததா என்று அவளுக்கு இருந்தது. அவரை நான் ஒரேயடியாகக் குறை சொல்ல மாட்டேன். திருடன் ஒருவன் இருந்தே ஆக வேண்டும் அவருக்கு. இல்லையென்றால் குற்றம் வண்டியுடையது. வண்டியைத் தேர்ந்தெடுத்தவர் அவர். வாங்குவதற்கு முன்னால் யாரையாவது கூட்டிப்போய்க் காட்டலாமே என்று மனைவி சொன்னாள், மச்சானும் சொன்னான். எனக்கே வண்டி பார்க்கச் சொல்லித் தருகிறீர்களா என்று இரண்டு பேரின் வாயையும் அடைத்தவர் அவர்.

இன்றோடு பள்ளி கொடுத்த கெடுவும் முடிகிறது. பள்ளியில் போக்குவரத்தைப் பார்த்துக்கொள்ளும் அம்மையார் கறாராகச் சொல்லிவிட்டார். அடுத்த பருவத்துக்கும் இதே கட்டணத்தில் ஓட்ட முடியுமா முடியாதா என்று இன்று சாயங்காலத்துக்குள் பதில் வேண்டும். முடியாதென்றால் பெரிய வேன் வைத்திருக்கிற ஒருவர் வாசலிலேயே காத்துக்கொண்டிருக்கிறார். இந்த முள் இப்படிப் படுத்துக் கிடந்தால் முடியும் என்று எந்த வாயால் சொல்வது? முடியாது என்று சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்து என்ன செய்வது?

காலைச் சவாரியில் வாத்தியார் யாரோடும் பேசவில்லை. பின்னால் வந்தவர்கள் ஹாரன் அடித்தபோது மட்டும், எவனிடம் வண்டி கற்றுக்கொண்டான் இவன் என்று வழக்கம்போல முணுமுணுத்தார். வாத்தியாரம்மா பின் சீட்டில் பிள்ளைகளுக்கு நடுவே நசுங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். முன் சீட்டு எப்போதும் பெரிய பையன் ஒருவனுக்கு. அவள் அங்கே உட்கார்ந்ததே இல்லை. அங்கே உட்கார்ந்து ஒருநாள் கீழே குனிந்து பார்த்திருந்தால் இந்தக் கதை நாலு வாரத்துக்கு முன்பே முடிந்திருக்கும்.

பிள்ளைகளை இறக்கிவிட்டு நேராக மெக்கானிக்கிடம் போனார்கள்.

மெக்கானிக்கும் வாத்தியாரின் பழைய மாணவன்தான். வண்டியை அக்குவேறு ஆணிவேறாகப் பிரித்து மேயத் தெரிந்தவன், ரிவர்ஸ் எடுக்கத் தெரியாமல் மூன்று தடவை லைசென்ஸ் டெஸ்டில் தோற்றவன். வாத்தியார்தான் அவனை விடாமல் கூட்டிப்போய் ஜெயிக்கவைத்தார். அந்த நன்றியில் இந்த வண்டிக்கு என்னென்னவோ செய்து பார்த்துவிட்டான். ஏர் ஃபில்டரை மாற்றினான். டயரில் காற்றைச் சரியாக வைத்தான். இன்ஜெக்டரைக் கழற்றிச் சுத்தம் செய்தான். என்ஜின் சூடாகவே மாட்டேன் என்கிறதோ என்று அதற்கான வால்வையும் மாற்றினான். கடைசியில் பிரேக் கட்டை தேய்ந்திருக்கிறதென்று புதுசும் போட்டான்.

இன்று வண்டியை ஜாக்கியில் ஏற்றிச் சக்கரங்களைக் கழற்றினான். புதுசாகப் போட்ட கட்டை மறுபடியும் தேய்ந்து தகடாகிக் கிடந்தது. பிரேக் எங்கோ பிடித்துக்கொண்டு விடமாட்டேன் என்கிறது என்று அவனுக்குத் தோன்றியது. ஆனால் சக்கரத்தைக் கையால் சுற்றிவிட்டால் விளையாட்டுப் பொருள் மாதிரி சுழன்றது. நாலு சக்கரமும் அப்படியே. எங்கேயும் ஒரு உரசல் இல்லை.

அவன் கையைப் பழந்துணியில் துடைத்தான். துடைத்த கையை மறுபடியும் துடைத்தான். எதையோ சொல்ல வந்து விழுங்குகிறான் என்று வாத்தியாரம்மாவுக்குப் பட்டது.

கட்டையை மறுபடி மாற்றிவிட்டுக் கடைசியில் அவன் சொன்னது இதுதான். டேங்கைக் கழுத்துவரை நிரப்புவோம். ஊருக்கு வெளியே மலைமேல் இருக்கிற தண்ணீர்த் தொட்டிவரை போய்த் திரும்பி வாருங்கள். வந்ததும் மறுபடி கழுத்துவரை நிரப்பினால் எவ்வளவு குடித்தது என்று தெரிந்துவிடும். நடுவில் யாரும் கை வைக்க வழியில்லை.

யாரும் என்ற வார்த்தையில் வாத்தியாரம்மாவின் முகம் மாறியது. அவள் ஓரமாகப் போய்த் தம்பிக்குப் போன் செய்தாள். இந்த ஒரு நாள் எனக்காக வா என்றாள். அவன் வர மாட்டேன் என்றான். பிறகு வந்தான்.

வேலைச் சீருடையோடு, தோளில் கருவிப் பையோடு பைக்கை நிறுத்தினான். அத்தானின் முகத்தைப் பார்க்காமல் அக்காவிடம்தான் பேசினான். வண்டி போகிற வழி முழுவதும் தான் பின்னாலேயே வரப்போவதாகவும், நாளைக்கு வழியில் எவனோ டீசலை உறிஞ்சிவிட்டான் என்று பேச்சு வரக் கூடாது என்றும் சொன்னான்.

"வரட்டும். எல்லாரும் பாக்கட்டும்" என்றார் வாத்தியார்.

வாத்தியாரம்மா இன்று முன் சீட்டில் உட்கார்ந்தாள். வாத்தியார் ஓட்டுவதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்ப்பது தனி சுகம்தான். பள்ளத்தை முன்கூட்டியே பார்த்துவிடுவார். வளைவில் வண்டி சாய்வதே தெரியாது. ஹாரனைத் தொட மாட்டார். இவ்வளவு அழகாக ஓட்டுகிற மனுஷனுக்கு இப்படி ஒரு வண்டி வாய்த்ததே என்று அவளுக்கு அழுகை வந்தது. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

மலை ஏறத் தொடங்கியதும் வண்டி முனகியது. இழுவையே இல்லை, கேட்கிறதா என்றார் வாத்தியார். கேட்டது. வயசானவர்கள் மாடிப்படி ஏறுவதுபோல் ஏறியது. அவர் ஆக்ஸிலேட்டரை இன்னும் அழுத்தினார். முள்ளைப் பார்த்தார். சாலையைப் பார்த்தார். மறுபடி முள்ளைப் பார்த்தார். இந்த ரூட் போய்விட்டால் தன்னால் வேறு எந்த வேலையும் செய்ய முடியாது, தனக்குத் தெரிந்தது இது ஒன்றுதான் என்று திடீரென்று சொன்னார். 

பாதி ஏற்றத்தில் தம்பியின் பைக் அவர்களைத் தாண்டி வந்து குறுக்கே நின்றது. கையைக் காட்டி நிறுத்தச் சொன்னான். வாத்தியார் ஓரம்கட்டிக் கண்ணாடியை இறக்கினார்.

"அத்தான், ஏன் பிரேக்க பிடிச்சுக்கிட்டே ஏறுறீங்க?"

வாத்தியார் அவனை ஏற இறங்கப் பார்த்தார். "என்கிட்டயா கேக்கற? மேட்டுல ஏறும்போது எவனாவது பிரேக் பிடிப்பானா?"

"பின்னாடி சிவப்பு லைட்டு அணையவே இல்ல. கீழேருந்து பாத்துக்கிட்டே வர்றேன். சும்மா எரிஞ்சுக்கிட்டே இருக்கு."

வாத்தியாரம்மா சட்டென்று தம்பியைப் பார்த்தாள். அவன் முகத்தில் கேலி இல்லை. குழப்பம்தான் இருந்தது. வாத்தியாருக்கோ ஒரு நொடியில் முகம் மலர்ந்துவிட்டது. பிரேக் லைட் ஸ்விட்ச் போயிருக்கிறது, அதுதான் கோளாறு, அதைத்தான் யாரும் பார்க்கவில்லை என்றார். லைட்டு எரிந்தால் டீசல் இவ்வளவு போகுமா என்று அவள் கேட்டதற்கு, ஒன்று கெட்டால் அதோடு சேர்ந்து எல்லாம் கெடும், உனக்குப் புரியாது என்றார். மூழ்குகிறவனுக்குக் கையில் ஒரு கட்டை அகப்பட்ட சந்தோஷம் அது. மேலே தண்ணீர்த் தொட்டியைத் தொட்டுத் திரும்பும்போது சீட்டியடித்துக்கொண்டே ஓட்டினார்.

திரும்பி வந்து டேங்கை நிரப்பினார்கள். நிரப்ப நிரப்ப உள்ளே போய்க்கொண்டே இருந்தது. இந்தத் தூரத்துக்கு இவ்வளவு குடிக்க இது என்ன லாரியா என்று மெக்கானிக் வாய்விட்டே சொல்லிவிட்டான். வாத்தியார் அசரவில்லை. ஸ்விட்சைப் பார் என்றார்.

வண்டியைப் பட்டறைக்குள் ரிவர்ஸில் கொண்டுவந்து பின் சுவரை ஒட்டி நிறுத்தினார்கள். மெக்கானிக் குனிந்து தலையைப் பெடலுக்குக் கீழே நுழைத்துக் கையால் பிரேக்கை அழுத்தினான். சுவரில் சிவப்பு வெளிச்சம் விழுந்தது. விட்டான். அணைந்தது. மறுபடி அழுத்தி மறுபடி விட்டான். ஸ்விட்ச் புதுசு மாதிரி வேலை செய்தது.

வாத்தியாரின் சீட்டி நின்றுவிட்டது.

மெக்கானிக் வெளியே வந்து நிமிர்ந்தான். தரையைப் பார்த்துக்கொண்டே, ஒரு தடவை நீங்களே உட்கார்ந்து ஸ்டார்ட் செய்யுங்கள், ஓட்டுகிற மாதிரி உட்காருங்கள் என்றான். வாத்தியார் ஏறி உட்கார்ந்தார். கதவு திறந்தே இருந்தது. பக்கத்தில் வாத்தியாரம்மா நின்றாள். மெக்கானிக்கும் தம்பியும் பின்னால் போய் நின்றார்கள். என்ஜின் உறுமியது. சுவர் சிவந்தது.

"பிரேக்க விடுங்க வாத்தியாரே" என்று பின்னாலிருந்து குரல் வந்தது.

"விட்டுட்டேன்."

சுவர் சிவப்பாகவே இருந்தது.

"முழுசா விடுங்க."

"எத்தன தடவ சொல்றது? கால் பிரேக்குல இல்ல."

வாத்தியாரம்மா கீழே குனிந்து பார்த்தாள். வலது கால் ஆக்ஸிலேட்டருக்குப் பக்கத்தில் ஒழுங்காக இருந்தது. இடது கால் பிரேக்கின்மேல் இருந்தது. ஷூவின் முன்பாதி பெடலில் சாய்ந்து, தன் வீட்டில் ஓய்வெடுக்கிற மாதிரி சாவதானமாகக் கிடந்தது.

வருஷக் கணக்காகக் கற்றுக்கொடுக்கிறவர் சீட்டில் உட்கார்ந்த கால் அது. அந்தப் பக்கமும் பெடல் இருக்கும். மாணவன் எப்போது சுவரில் கொண்டுபோய் மோதுவானோ என்று அந்தக் கால் எப்போதும் பெடல்மேல் காத்துக்கொண்டே இருக்கும். ஆட்டோமேட்டிக்கில் கிளட்ச் கிடையாது, இடது காலுக்கு வேலையில்லை. வேலையில்லாத கால் பழக்கத்தில் பெடலைத் தேடிப் போயிருக்கிறது. அதுவரைக்கும் சரி, யாருக்கும் நடக்கக் கூடியதுதான். அவளை உலுக்கியது அதுவல்ல.

"உங்க இடது கால் எங்க இருக்கு?" என்று கேட்டாள்.

"கீழ, தரையில."

அவர் பொய் சொல்லவில்லை. இத்தனை வருஷத்தில் அவர் பொய் சொல்லும்போது குரல் எப்படி மாறும் என்று அவளுக்குத் தெரியும். இப்போது மாறவில்லை.

அவள் கையை நுழைத்து ஷூவைப் பிடித்துத் தூக்கிப் பெடலிலிருந்து நகர்த்தினாள். பின்னால் சுவர் இருண்டது. வாத்தியார் அவள் கையையும் அந்த ஷூவையும் பார்த்தார். அது யாருடைய கால் என்று கேட்கப்போகிறவர் மாதிரி பார்த்தார்.

அவரை இறக்கி ஒரு பழைய சீட்டில் உட்காரவைத்தார்கள். பட்டறையில் கழற்றிப் போட்டிருந்த பஸ் சீட்டு. தம்பி கருவிப் பையைக் கீழே வைத்துவிட்டு அத்தானின் முன்னால் மண்டியிட்டு உட்கார்ந்து ஷூவின் கயிற்றை அவிழ்த்தான். சாக்ஸோடு பாதத்தைக் கையில் எடுத்து வைத்துக்கொண்டான். கண்ணை மூடிக்கொள்ளுங்கள் என்றான். வாத்தியார் மூடிக்கொண்டார்.

"ம். தொடு" என்றார்.

தம்பி பேசவில்லை.

"தொட்டுப் பாரு, சொல்றேன். என்ன யோசிக்கற?"

"தொட்டுக்கிட்டுத்தான் இருக்கேன் அத்தான்."

கட்டைவிரலால் உள்ளங்காலை அழுத்திக்கொண்டிருந்தான். அழுத்தியதில் அவன் நகம் வெளுத்திருந்தது. வாத்தியார் கண்ணைத் திறந்தார். பார்த்தார். மறுபடி கண்ணை மூடிக்கொண்டார், ஆனால் இது சோதனைக்காக இல்லை.

சாக்ஸ் எளிதாகக் கழலவில்லை. எங்கோ ஒட்டிக்கொண்டிருந்தது. தண்ணீர் ஊற்றி நனைத்து மெதுவாக உரித்தார்கள். பெருவிரலுக்குக் கீழே ஒரு புண், விளிம்பு வெளுத்து நடுவில் கறுத்து. வாத்தியாரம்மா ஷூவைத் தலைகீழாகக் கவிழ்த்துத் தட்டினாள். ஒரு குழந்தையின் தலைமுடிக் கிளிப் கீழே விழுந்தது. மஞ்சள் நிறம், ஒரு பக்கம் உடைந்து கூராக இருந்தது.

அவளுக்கு அது யாருடையது என்று தெரியும். முந்தாநாள் அதைக் காணோம் என்று ஒரு சின்னப் பெண் வண்டியையே அழுது கலக்கிவிட்டாள். எல்லாரும் சீட்டுக்கு அடியில் தேடினார்கள். இந்த மனுஷன்கூட ஷூவைக் கழற்றிப் போட்டுவிட்டு முட்டி போட்டுத் தேடினார். தேடிய களேபரத்தில் அது ஷூவுக்குள் விழுந்து, திரும்ப மாட்டியபோது உள்ளேயே இருந்திருக்கிறது. அதன்மேல் நடந்திருக்கிறார், மாடி ஏறியிருக்கிறார், பிள்ளைகளை வைத்து வண்டி ஓட்டியிருக்கிறார்.

அவருக்குச் சர்க்கரை நோய் இருப்பது தெரிந்த விஷயம்தான். ஒரு காலத்தில் பாதம் எரிகிறது, எறும்பு ஊர்கிறது என்று ராத்திரியில் எழுந்து உட்கார்ந்துகொள்வார். ஒருநாள் எரிச்சல் தானாகவே நின்றுபோயிற்று. குணமாகிவிட்டது என்று மாத்திரையை நிறுத்தினார். வீட்டில் எல்லாரும் சந்தோஷப்பட்டார்கள். அவளும்தான் சந்தோஷப்பட்டாள். அன்று நின்றது நோய் இல்லை, காலின் உணர்ச்சி என்று இப்போது விளங்கியபோது அவளுக்குத் தன்மேலேயே ஆத்திரமாக வந்தது.

மெக்கானிக் சுவரோரம் நின்று அழாத குறையாகப் பேசினான். போன மாதமே ஒருநாள் வண்டியைச் சோதிக்க அவன் தனியாக ஓட்டிப் பார்த்தானாம். மைலேஜ் நன்றாகவே கொடுத்ததாம். கோளாறு ஓட்டுகிற விதத்தில்தான் இருக்கிறது என்று அப்போதே ஒரு சந்தேகம். "ஆனா நான் போய் வாத்தியார்கிட்ட, உங்களுக்கு ஓட்டத் தெரியலன்னு எப்படிச் சொல்லுவேன்?" என்றான்.

அதனால்தான் ஃபில்டரை மாற்றினான். இன்ஜெக்டரைக் கழற்றினான். ஊரில் எல்லாருக்கும் ஓட்டக் கற்றுக்கொடுத்தவரை யார் பார்ப்பார்கள்? எல்லாரும் வண்டியையே பார்த்தார்கள்.

பள்ளி விடுகிற நேரம் நெருங்கிக்கொண்டிருந்தது. அதை முதலில் நினைத்தவர் வாத்தியார். புண்ணுக்கு மெக்கானிக் சுற்றிவிட்ட துணியோடு எழுந்து நின்றார். சாவியைக் கேட்டார். யாரும் கொடுக்கவில்லை.

"இன்னைக்கு ஒரு நாள். மெதுவா போறேன். காரணம் தெரிஞ்சு போச்சுல்ல, இனிமே என்ன? காலப் பாத்துக்கிட்டே ஓட்டறேன்."

"காலப் பாத்துக்கிட்டே ஓட்டினா ரோட்ட யாரு பாக்கறது?" என்றாள் வாத்தியாரம்மா.

பெடலைப் பார்க்காதே, சாலையைப் பார் என்று எத்தனை பேரின் தலையில் குட்டியிருப்பார். அவர் அப்படியே உட்கார்ந்துவிட்டார். பிறகு கெஞ்ச ஆரம்பித்தார். அந்த மனுஷன் கெஞ்சி நான் பார்த்ததில்லை, நீங்களும் இத்தனை வாரத்தில் பார்த்ததில்லை. வலது கால் நன்றாகத்தானே இருக்கிறது என்றார். இடது காலைச் சீட்டுக்கு அடியில் கட்டிவிடு என்றார். வைத்தியம் பார்த்துக்கொள்கிறேன், அடுத்த பருவத்துக்குள் சரியாகிவிடும், அதுவரை பள்ளிக்குத் தெரிய வேண்டாம், அச்சு உடைந்துவிட்டது என்று சொல்லிவிடு, வண்டி உடைந்ததென்றால் காத்திருப்பார்கள், ஓட்டுகிறவன் உடைந்தான் என்றால் காத்திருக்க மாட்டார்கள் என்றார். பேசிக்கொண்டே வந்தவர் தம்பியைப் பார்த்ததும் நிறுத்தினார்.

"மச்சான்" என்றார். அதற்கு மேல் வரவில்லை.

தம்பி அந்தப் பாதத்தை மறுபடியும் கையில் எடுத்துக்கொண்டான். "முதல்ல ஆஸ்பத்திரிக்குப் போலாம், நானே கூட்டிட்டுப் போறேன்" என்றான். பிறகு, குரலை உயர்த்தாமலே, "ஆனா அன்னைக்கு வாசல்ல நீங்க செஞ்சத நான் மறக்கல அத்தான். அத அப்புறம் பேசலாம்" என்றான்.

வாத்தியார் தலையை மட்டும் ஆட்டினார்.

பிள்ளைகளை யார் கூட்டி வருவது? மெக்கானிக் ஓட்டலாம். ஆனால் பள்ளியில் பதிந்த டிரைவரைத் தவிர வேறு யாரிடமும் பிள்ளைகளை விட மாட்டார்கள். தம்பிக்கு பைக் லைசென்ஸ்தான். பெற்றோர்களையே வரச் சொல்ல வேண்டும். அதற்கு ஒவ்வொருவருக்காகப் போன் செய்ய வேண்டும். ஏன் வண்டி வரவில்லை என்று ஒவ்வொருவரும் கேட்பார்கள்.

வாத்தியாரம்மா போனைக் கையில் எடுத்தாள். பள்ளி வாசல் அவள் கண்முன் வந்தது. மணி அடித்ததும் பிள்ளைகள் வண்டிக்கு முன்னால் குறுக்கும் நெடுக்கும் ஓடுவார்கள். பின்னால் போ, பக்கவாட்டில் ஏறு என்று அவள் கத்திக்கொண்டே இருப்பாள். ஸ்டியரிங்கில் இவர் சிரித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார், தன் கால் எங்கே இருக்கிறதென்று தெரியாமல். தினமும் இரண்டு வேளை இது நடந்திருக்கிறது. ஒன்றும் ஆகாமல் போனது எப்படி என்று அவளுக்கு விளங்கவேயில்லை.

இன்னொரு பக்கம் வீடு. உண்மையைச் சொன்னால் இன்று சாயங்காலம் பதில் சொல்ல வேண்டிய வேலையே இல்லை. பெரிய வேன்காரர் நாளைக் காலையே வந்து நிற்பார். இந்த வண்டியில் வேறு யாரும் ஏற மாட்டார்கள். இவரை டிரைவிங் ஸ்கூலும் திரும்பச் சேர்க்காது. அச்சு உடைந்துவிட்டது என்று ஒரு வார்த்தை சொன்னால் கொஞ்ச நாள் கிடைக்கும். அந்தக் கொஞ்ச நாளில் என்ன செய்ய முடியும் என்று அவளுக்கும் தெரியாது. ஆனாலும் கொஞ்ச நாள்.

மஞ்சள் கிளிப்புக்காரியின் அம்மாவுக்குத்தான் முதலில் போன் போட்டாள். ஏன் அவளை முதலில் அழைத்தாள் என்று கேட்டால் அவளுக்கே தெரியாது. இன்று நீங்களே வந்து பாப்பாவைக் கூட்டிப்போக முடியுமா என்று கேட்டாள். அந்த அம்மா வருகிறேன் என்றாள். உடனே, வண்டிக்கு என்ன ஆச்சு என்று கேட்டாள்.

வாத்தியார் பஸ் சீட்டிலிருந்து அவளைப் பார்த்து இரண்டு கைகளையும் கூப்பினார். மச்சான் பார்க்கிறான், மாணவன் பார்க்கிறான் என்ற வெட்கம்கூட இல்லை அந்தக் கைகளில்.

"வண்டிக்கு ஒண்ணும் இல்லைங்க" என்றாள் வாத்தியாரம்மா. "வண்டி நல்லாத்தான் இருக்கு."

"அப்ப யாருக்கு என்ன?" என்று கேட்டாள் அந்த அம்மா.

வாத்தியார் கூப்பிய கைகளைப் பிரித்தார். ஒரு கையை அவள் பக்கம் நீட்டிப் போனைக் கேட்டார். வாங்கி அணைக்கப் போகிறாரா, பேசப் போகிறாரா என்று அவர் முகத்தைப் பார்த்து அவளால் சொல்ல முடியவில்லை.

கொடுத்தாள்.